முகம் காணாத குரல்



சென்னையின் மூர் மார்க்கெட் 1985-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. பழம்பொருள் வணிகர் பலர் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்திற்குப் பெயர்ந்தனர். அங்கே என் நண்பர் ஒருவர், டி. எம். சௌந்தரராஜனின் புகழ்பெற்ற பாடல்களைத் திரட்டிய பழைய இசைத்தட்டு ஒன்றை வாங்கினார். துணிமணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்து, மூன்று நாள் கப்பற் பயணமாகப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்.

கைப்பேசியிலேயே கிடைக்கும் பாடல்களுக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்டேன். “கேட்டுப் பாருங்கள்” என்றார்.

முற்காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்திற்கு ஒரு பாட்டே இடம்பெறும். 1948-இல் அமெரிக்காவில் வெளிவந்த நெடுந்தட்டோ ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் பாடும். பல படங்களின் பாடல்களை ஒன்றாகத் தொகுக்க அதனால் வழி பிறந்தது.

இதில்தான் நுட்பம் உள்ளது. 1922-இல் மதுரையில் பிறந்த சௌந்தரராஜன் சிவாஜி கணேசனுக்கும் பாடினார், எம்.ஜி.ஆருக்கும் பாடினார். திரையரங்கில் நாம் நடிகரின் முகத்தையே கண்டோம். தொகுப்புத் தட்டில் முகங்கள் மறைகின்றன. ஒருவருக்கென ஒருவிதமாகவும் மற்றவருக்கென வேறுவிதமாகவும் தம் குரலை அமைத்துக்கொண்ட கலைஞர் ஒருவரே நம்முன் நிற்கிறார். நண்பரின் வயது முதிர்ந்த தாயார் முதற்பாட்டைக் கேட்டதும் படத்தின் பெயரைச் சொல்லவில்லை. “இது சௌந்தரராஜன்” என்றார். 2013-இல் மறைந்த அக்கலைஞருக்கு இதைவிடச் சிறந்த அஞ்சலி ஏது?

ஆனால், நம் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈரத்தில் அட்டை உறை பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை தட்டின் வரிப்பள்ளங்களிலும் படரும். வெயிலில் உலர்த்தினாலோ தட்டு வளைந்துவிடும். ஆகவே தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். வாலைவடிநீரில் நனைத்த மென்துணியால் பள்ளம் செல்லும் திசையிலேயே துடையுங்கள். தேய்ந்த ஊசியைப் பயன்படுத்தாதீர்கள். அது ஒவ்வொரு முறையும் பாட்டைச் சிறிது சிறிதாகச் சுரண்டிவிடும்.

உறையில் கவிஞர், இசையமைப்பாளர் பெயர்கள் சிறிய எழுத்தில் இருந்தால் அவற்றையும் படியுங்கள். பாடகரின் முகத்தை நடிகர் மறைத்ததுபோல, இவர்களைப் பாடகரின் புகழ் மறைத்துவிடலாகாது.

போர்ட் பிளேர் வானொலி 1963-இல் ஒலிக்கத் தொடங்கியது. முகம் காட்டாத குரலை நம்பிக் கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. அடுத்த மழைக்கு முன்னர் உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.