உறுப்பும் இடமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர். இசை பேசுவோரும் உளர். இரயில்வே அலுவலகத்தில் ஏடு புரட்டும் நாமோ, பழைய மோட்டார் கார் ஒன்றைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இதில் வியப்பில்லை. விலாசச் சீட்டு அறுந்துபோன பார்சல், எத்துணை விலையுயர்ந்ததாயினும் உரியவரைச் சென்றடைவது அரிது. பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கழற்றிப் புதுப்பித்து மீண்டும் பூட்டுவோர்க்கும் இதே இடர்தான் நேர்கிறது. உறுப்பு கையில் இருக்கும். அதன் இடம் எது என்பது தெரியாது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகே அபிங்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கேதான் எம்.ஜி. கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் எம்.ஜி.பி. என்னும் வகை 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கும் மேலாக வெளிவந்தது. 1980இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. நாள்தோறும் அவ்வண்டிகளைப் பூட்டிய கைகள் கலைந்துபோயின. எந்த உறுப்பு எங்கே அமரும் என்று நினைவிலிருந்து சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆயினும் அவ்வண்டியை நேசிப்போர் இன்றும் அதனைப் புதுப்பிக்கின்றனர். அவர்கள் எவற்றை நம்புவது?

முதலில் ஒன்று உணர வேண்டும். பெயர் ஒன்றாயினும் வண்டி ஒன்றன்று. தொடக்கத்தில் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டை மூன்று பேரிங்குகள் தாங்கின. 1964இன் பிற்பகுதியில் அவை ஐந்தாயின. 1967இன் பிற்பகுதி வரை பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. பின்னர் எதிர்முனை இணைக்கப்பட்டது. 1974இல் குரோமியப் பம்பர் நீங்கிக் கருநிற இரப்பர்ப் பம்பர் வந்தது. ஆகவே 1970ஆம் ஆண்டு வண்டியின் படத்தைப் பார்த்து 1965ஆம் ஆண்டு வண்டிக்குப் பாட்டரி பூட்டினால், முனைகள் தலைகீழாகும். கருவிகள் சில கெடும்.

இனி, உயிருக்கே இறுதியாகும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். அவ்வண்டிகள் பலவற்றில் கம்பி ஆரக்கால் சக்கரங்கள் உண்டு. ஒவ்வொரு சக்கரத்தையும் குடத்தோடு பிணைப்பது நடுவிலுள்ள ஒற்றைப் பெரிய நட்டே. நம் ஊர் மாட்டுவண்டியில் கடையாணி செய்யும் காவலை இங்கே இந்த நட்டுச் செய்கிறது. இடப்புறத்து நட்டினை வழக்கம் போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும்; வலப்புறத்து நட்டின் மரை இதற்கு நேர்மாறு, வலஞ்சுழியாகத் திருப்பினாலே கழலும். இது வீணான வேறுபாடன்று. வண்டி ஓட ஓடச் சக்கரத்துக்கும் நட்டுக்கும் இடையே எழும் நுண்ணிய அசைவு, நட்டினை இறுகும் திசையிலேயே தள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இருபுறத்துக் குடங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை இடம் மாற்றிப் பூட்டினாலும் நட்டு ஏறும், சக்கரமும் சுழலும். ஆனால், அதே அசைவு அதனைக் கழற்றும் திசையில் தள்ளும். விரைந்து செல்லும் வண்டியில் சக்கரம் கழன்றால் விளைவது யாது என்று கூறவும் வேண்டுமோ! பொருந்திவிட்டது என்பதனாலேயே அதுதான் உரிய இடம் என்று கொள்ளுதல் ஆகாது.

எஞ்சினுக்குள்ளும் இத்தகைய நுட்பம் உண்டு. பேரிங்குகளை மூடும் மூடிகள் உருவத்தில் ஒத்திருக்கலாம். எனினும் ஒவ்வொரு மூடியும் தன் இடத்தில் பூட்டப்பட்ட நிலையிலேயே துளை கடையப்பட்டது. அதனை அடுத்த இடத்தில் வைத்தால் துளையின் வட்டம் குலையும். கிராங்க் ஷாஃப்ட் இறுகும் அல்லது தேயும். எனவே கழற்றும் முன்பே எண்ணும் திசையும் குறித்தல் வேண்டும்.

இடத்தை அறிதற்குச் சான்றுகள் மூன்று. முதற்சான்று வண்டியே. வாஷர் அமர்ந்திருந்த வட்டத்தில் வண்ணம் ஏறியிராது. அது பழைய இடத்தைக் காட்டும். மின்கம்பிகளின் நிறம் அழுக்கேறி மங்கியிருந்தாலும், மேலே சுற்றிய பட்டையைப் பிரித்தால் உள்ளே நிறம் தெளிவாக நிற்கும். கறுப்பு உடலுக்கு, பழுப்பு பாட்டரியிலிருந்து நேரே, நீலம் தலைவிளக்குக்கு, சிவப்பு சிறுவிளக்குக்கு என்பது அந்நாட்டுக் கார்களின் முறை. ஆயின், முன்பு வைத்திருந்தோர் மாற்றியிருக்கவும் கூடும். ஆதலின் இச்சான்று ஒன்றே போதாது.

இரண்டாவது சான்று நூல். உதிரி உறுப்புப் பட்டியலில் உறுப்புகளை ஒன்றைவிட்டு ஒன்று விலக்கி வரைந்த படங்கள் இருக்கும். எந்த வண்டி எண்ணிலிருந்து எந்த எண் வரை இவ்வுறுப்பு என்ற குறிப்பும் அருகே இருக்கும். இந்நூல் உறுப்பை வாங்குவதற்கென எழுதப்பட்டது. பூட்டும் முறையைப் பட்டறைக் கையேட்டில் காண வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

மூன்றாவது சான்று ஆவணம். இங்கிலாந்தில் கேடன் என்னுமிடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைக் காத்து வருகிறது. வண்டியின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அது செய்யப்பட்ட நாள், முதலில் பூசிய வண்ணம், எஞ்சின் எண் முதலியவற்றைச் சான்றிதழாக வழங்குகிறது. என்றோ ஓர் எழுத்தர் தம் கடமையாக எழுதிவைத்த ஒரு வரி, அரை நூற்றாண்டு கடந்து, ஒரு வண்டிக்கு அதன் உண்மை உருவத்தை மீட்டுத் தருகிறது. எழுதுகோல் பிடித்து வாழும் நம்மனோர்க்கு இதனினும் பெருமிதம் வேறு உண்டோ?

இளந்தோழர்களே! மிதிவண்டியாயினும், தையல் இயந்திரமாயினும், கடிகாரமாயினும், நீங்கள் ஒன்றைக் கழற்ற முற்படும்போது முதலில் படம் எடுங்கள். ஒவ்வோர் உறுப்பிலும் சீட்டுக் கட்டுங்கள். எங்கிருந்து வந்தது, எப்பக்கம் நோக்கியிருந்தது, எத்தனை வாஷர் இருந்தன என்று எழுதுங்கள். அதன் போல்ட்டுகளை அதனோடே ஒரு பையில் இடுங்கள். ‘நினைவிருக்கும்’ என்று மட்டும் எண்ணாதீர்கள். புதுப்பிக்கும் பணி பல மாதங்கள் நீளும். சில வேளை ஆண்டுகளும் ஆகும். இறுதியில் பூட்டுபவர் நீங்களாகவே இராமலும் போகலாம். நீங்கள் கட்டிய சீட்டு, அறியாத ஒருவர்க்கு வழிகாட்டும். அவ்வண்டியில் ஏறிச் செல்வோரின் உயிரையும் காக்கும்.