இல்லாத பொருளுக்கு இருக்கும் பொருள்

(உழவர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

உழவியல் ஆசிரியனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். வயலில் நாம் போடும் ஒரு கணக்கு சமையலுக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லவே வந்தேன்.

டிஏபி உரம் கிடைக்காதபோது என்ன செய்கிறோம்? 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 9 கிலோவும் மணிச்சத்து 23 கிலோவும் உள்ளன. யூரியாவை மட்டும் இட்டால் பயிர் பச்சை காட்டும், மணிச்சத்து கிடைக்காது. எனவே 20 கிலோ யூரியாவுடன் 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட் இடுகிறோம். இல்லாத பொருள் எத்தனை வேலை பார்த்தது என்று கண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் வைக்கிறோம்.

இனி அடுப்படிக்கு வருவோம். அறுவடைக்கு முந்தைய மாதத்தில் எங்கள் வீட்டு உளுந்துப் பானை காலியாகிவிடும். என் தாயார் கடையில் கடன் சொல்ல மாட்டார். வெந்தய தோசை வார்ப்பார். 2 ஆழாக்கு புழுங்கலரிசிக்கு 2 மேசைக்கரண்டி வெந்தயம் போதும். இரண்டையும் தனித்தனியே 5 மணி நேரம் ஊறவைத்து, முதலில் வெந்தயத்தை நுரைக்க அரைத்து, பின் அரிசியைச் சேர்த்து அரைக்க வேண்டும். உப்பிட்டுக் கரைத்து இரவு முழுவதும் புளிக்க விடவேண்டும். உளுந்தின் பசை, மாவில் உண்டாகும் காற்றைப் பிடித்து வைப்பதால் மாவு பொங்குகிறது. வெந்தயத்திலும் பசை உண்டு. ஆகவே தோசை மெத்தென்று வரும். இட்லிக்குச் சிறிதளவேனும் உளுந்து வேண்டும்.

ஆனால் உளுந்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு. 100 கிராம் உளுந்தில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டு கரண்டி வெந்தயம் அதற்கு ஈடாகாது. அந்நாளில் நாங்கள் இதை அறியவில்லை. வெங்காயச் சட்டினியோடு தோசையைத் தின்று எழுந்துவிடுவோம். வயிறு நிறைந்தது, வளரும் பிள்ளைகளுக்கு வேண்டிய புரதம் குறைந்தது. எனவே அந்நாட்களில் தட்டைப்பயறுக் குழம்போ, பச்சைப்பயறுச் சுண்டலோ உடன் இருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மாவு மென்மையாக இருக்கச் சில வீடுகளில் ஆமணக்கு விதையைச் சேர்த்து அரைப்பதுண்டு. அவ்விதையில் ரைசின் என்னும் கொடிய நச்சு உள்ளது. அவ்வழக்கத்தைக் கைவிடுங்கள்.

புளி இல்லையென்றால் மாங்காய், தக்காளி, புளிச்சக்கீரை ஆகியவற்றுள் ஒன்று போதும். பருப்பு நன்கு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் பருப்பு வேகாது. எலுமிச்சையானால் குழம்பை இறக்கிய பின் பிழியுங்கள், கொதித்தால் கசக்கும்.

மாற்றுப் பொருள் ஒரு வேளைக்குத்தான். அடுத்த பட்டத்தில் நெல் வயல் வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் ஊன்றுங்கள். வீட்டுத் தேவையில் ஒரு பங்கு வரப்பிலேயே விளையும், கடைக்கடனும் குறையும்.