தீக்கு அஞ்சாத வீடு
(எருமப்பட்டிக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கீற்று வீடு செலவில் குறைந்ததென்பது நம்மவருள் பலர் எண்ணம். சில வருஷங்களுக்கொருமுறை கீற்றுக்கும் கயிற்றுக்கும் ஆட்கூலிக்கும் கொடுப்பதை நாம் கூட்டிப் பார்ப்பதில்லை. கான்கிரீட்டு வீட்டுக்கு முதற்செலவு பெரிதே. ஒரு தலைமுறைக்குக் கணக்கிடின் அதுவே லாபம்.

ஆயினும் மெத்தை வீடு கட்டியபின், மாடிமேல் கீற்றுக்கொட்டகையும் பக்கத்தில் ஓலையடுக்களையும் போடுகிறோமே, இதென்ன சிக்கனம்? 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, பாடசாலையின் சமையற்கூடத்தில் தோன்றி, மாடி வகுப்பின் கீற்றுக்கூரைக்குத் தாவியதன்றோ? சுவர்கள் எரியவில்லை, கொன்றது கூரை.

கிராமங்களுக்கென 2024-ல் சர்க்கார் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில், 360 சதுர அடியில் 300 கான்கிரீட்டுத் தளமாகவும், மிச்சம் 60-ம் தீப்பிடியாத வேறு கூரையாகவும் இருத்தல் வேண்டுமென விதித்தது இதுபற்றியே போலும்.

கட்டுவோர் கொத்தனாரிடம் ஒன்று கேட்க வேண்டும். தளக்கம்பியின் கீழ் முக்கால் அங்குலமேனும் கான்கிரீட்டு மூடாக்கு உண்டா? கவர் கட்டை வையாது கம்பியைப் பலகைமேற் கிடத்தினால், தீயில் அது விரைவிற் காய்ந்து வலிவிழக்கும். தீ வாராவிடினும் துருவேறித் தளம் உதிரும். அப்பழுதுச் செலவு லாபத்தை விழுங்கிவிடும். தளமிட்டபின் பத்து நாளேனும் பாத்தி கட்டி நீர் தேக்குக. இதற்குக் கூலியாள் வேண்டா, வீட்டாரே செய்யலாம்.