மழலையர் காப்பகமும் மணிச்சங்கிலிக் கிருமியும்



சமண அறம் போற்றும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. நோய்க்கு மருந்து ஈவது போலவே, நோயை உரிய பொழுதில் அறியச் செய்வதும் அதனுள் அடங்கும். தாயும் தந்தையும் பணிக்குச் செல்லும் இல்லங்களில் இரண்டு வயதுக் குழந்தை பகற்பொழுதைக் காப்பகத்தில் கழிக்கிறது. ஆதலின் 2022ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததை இக்குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது 1874இல் வியன்னாவின் அறுவை மருத்துவர் பில்ரோத் இட்ட பெயர். நுண்ணோக்கியில் அக்கிருமி மணி கோத்த சங்கிலியாய்த் தோன்றும். அதன் ‘ஏ’ பிரிவு பலர் தொண்டையில் தீங்கின்றித் தங்குவதுண்டு. நோயாக வெளிப்படினும், பெரும்பாலும் தொண்டைவலி, தோற்புண், செங்காய்ச்சல் என்ற அளவில் நின்றுவிடும். அரிதாகவே குருதியிலும் நுரையீரலிலும் தசையிலும் புகும். அப்பொழுது சில மணி நேரத்திலேயே உயிருக்கு இடர் நேரலாம்.

இங்கிலாந்தில் அந்த அரிய வடிவமே அவ்வாண்டு பெருகிற்று. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுள் இலட்சத்துக்கு 2.3 பேர் அதற்கு ஆளாயினர் என்று அந்நாட்டுச் சுகாதாரப் பாதுகாப்பு முகமை டிசம்பர் தொடக்கத்தில் அறிவித்தது. பெருந்தொற்றுக்கு முந்தைய பருவங்களின் சராசரி 0.5 மட்டுமே. குழந்தைகள் சிலர் இறந்தனர். பிரான்சு, அயர்லாந்து, நெதர்லாந்து, சுவீடன் நாடுகளிலும் இத்தகைய பெருக்கம் காணப்பட்டதை உலக சுகாதார நிறுவனம் அதே மாதம் எடுத்துரைத்தது. இளவேனிலில் உச்சம் பெறும் செங்காய்ச்சல், அம்முறை குளிர்காலத் தொடக்கத்திலேயே மிகுந்தது. முடக்கக் காலத்தில் இக்கிருமியைச் சந்தியாத குழந்தைகள் ஒருசேர அதனை எதிர்கொண்டமை ஒரு காரணமாகக் கருதப்பட்டது. குளிர்காய்ச்சலும் உடன் பரவிற்று. அது மூச்சுப்பாதையின் உட்பூச்சைச் சிதைத்துக் கிருமிக்கு வழிவிடும். சின்னம்மைக் கொப்புளமும் அவ்வாறே தோலில் வாயில் திறக்கும். காப்பகத்தில் ஒருவர் வாயிலிட்ட பொம்மை மற்றொருவர் கைக்குச் செல்லும்; இருமலும் தும்மலும் அருகிலேயே நிகழும்.

நுண்ணுயிரைக் கொல்லும் மருந்து அஹிம்சைக்கு மாறன்றோ என்ற ஐயம் சிலர்க்கு எழலாம். இல்லறத்தார்க்குரிய அணுவிரதம், இயங்கும் உயிர்களை வேண்டுமென்றே கொல்லாமையை முதன்மையாக விதிக்கிறது. ஓரறிவுயிர்க்குத் தேவையற்ற தீங்கு செய்யாமை அதனுடன் சேர்வது. பிள்ளையின் உயிர் காக்கும் மருந்து தேவையற்றதன்று. தேவையற்றது வேறு: சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லி. தொண்டைவலிகளுள் பெரும்பாலானவை வைரசால் வருவன. அவற்றுக்கு அம்மருந்தால் பயனில்லை.

மருத்துவர் கிருமியை உறுதிசெய்து பெனிசிலின் வகை மருந்து தந்தால், குறித்த நாள்வரை, வழக்கமாகப் பத்து நாள், நிறுத்தாது கொடுத்தல் வேண்டும். இக்கிருமி இன்றுவரை பெனிசிலினை எதிர்க்கக் கற்கவில்லை. அதைத் தடுக்கும் தடுப்பூசியும் இன்னும் இல்லை. மூன்றாம் நாளே காய்ச்சல் தணிந்ததென்று மருந்தை விடுவது இந்திய இல்லங்களில் கூடுதல் கேடு தரும். காப்பகக் குழந்தையிடமிருந்து கிருமி பெற்ற பள்ளிப் பருவத்து அண்ணனுக்கோ அக்காளுக்கோ, தொண்டைவலி ஆறி இரண்டு மூன்று வாரங்கள் கழித்து வாதக்காய்ச்சல் வந்து, இதயத்தின் கபாடங்கள் பழுதுபடுவதுண்டு.

செங்காய்ச்சலின் சிவப்பு மாநிறத் தோலில் எளிதிற் புலப்படாது. கையால் தடவின் உப்புத்தாள் போற் சொரசொரக்கும். நாக்கு செம்புள்ளிகளோடு தடிக்கும். காய்ச்சலுற்ற குழந்தை பால் மறுத்தல், சிறுநீர் குறைதல், மூச்சு விரைதல், கைகால் சில்லிடுதல், ஒரு காலை ஊன்ற மறுத்தல், தொட்டாலே அலறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் இரவென்று பாராது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. விடியட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இங்கு ஆகாது.

மருந்து தொடங்கி 24 மணி நேரம் கழியும்வரை செங்காய்ச்சற் குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பலாகாது என்பது இங்கிலாந்தின் நடைமுறை. விடுப்பு எடுக்க நேருமே என்று பெற்றோர் நோயை மறைப்பதும், பெயர் கெடுமே என்று காப்பகத்தார் பேசாதிருப்பதும் இயல்பே. எனினும் அவ்வறையில் நோய் புகுந்தது பிற தாய்மார்க்குத் தெரிந்தாலன்றி, தத்தம் பிள்ளையின் உடலை அன்றிரவு தடவிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றாது.