முழங்கால் காத்திருக்காது

(தலைப்பு: வயதான பெற்றோரை முதன்முதலாக வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லும் பயணம் இனிமையாக அமையப் பெரிதும் தேவைப்படுவது பணமா? திட்டமா? ‘திட்டமே’ அணியில் இரண்டாவதாகப் பேசியவர்.)

நடுவர் அவர்களே, எதிரே கையில் பணத்தோடு வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நண்பர்களே, எதுவும் இல்லாவிட்டாலும் திட்டத்தோடு வந்திருக்கிற என் அணியினரே, அவையோரே!

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? “பர்ஸைத் திறந்தா பாதை திறக்கும்” என்றார். நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணே, பர்ஸைத் திறந்தா பாதை திறக்கும், பூட்டிக்கிட்ட முழங்கால் திறக்குமா? (சிரிப்பு, கைதட்டல்)

நான் சொந்தக் கதையைச் சொல்கிறேன். எங்க அப்பா ரயில்வேக்காரர். திருச்சி பொன்மலையில் குவார்ட்டர்ஸ். கரி இன்ஜினில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டிரைவராகி, 2006இல் ஓய்வு பெற்றவர். அவருக்குப் பதினெட்டு வயசு இருக்கும்போது, 1964 அக்டோபர் 1ஆம் தேதி, ஜப்பானில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே புல்லட் ரயிலை விட்டார்கள். பேப்பரில் வந்த அந்தப் படத்தை வெட்டி வைத்துக்கொண்டார். எங்க வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் படம் இருக்கும். அம்மா ரெண்டுக்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுவாங்க! (சிரிப்பு)

நான் பேங்க் வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொன்னேன்: “அப்பா, உங்களை ஜப்பான் கூட்டிட்டுப் போறேன்.” எதிரணி நண்பர்களே, அன்றைக்கு நானும் உங்க கட்சிதான். பணம் சேரட்டும் என்றேன். முதலில் வீட்டுக் கடன், அப்புறம் பிள்ளைக்குக் காலேஜ். கையில் பணம் வந்தது 2020இல். கூடவே கொரோனாவும் வந்தது. தனியாகப் போகிற சுற்றுலாப் பயணிகளுக்கு ஜப்பான் மறுபடி கதவைத் திறந்தது 2022 அக்டோபர் 11ஆம் தேதி. கதவு திறந்தப்போ அப்பாவுக்கு எழுபத்தாறு. நடையில் ஒரு சாய்வு வந்துவிட்டது.

நடுவர் அவர்களே, இதுதான் என் முதல் வாதம். பணம் சேரச் சேர முழங்கால் தேயும். பேங்க்ல போட்ட பணத்துக்கு வட்டி உண்டு, பெத்தவங்க வயசுக்கு வட்டி கிடையாது! (கைதட்டல்)

சரி, 2024இல் போகலாம் என்று முடிவெடுத்தோம். ஒரு டிராவல்ஸில் கேட்டேன். பளபளன்னு ஒரு தாள் கொடுத்தார்கள். எட்டு நாள், ஆறு ஊர். பணத்தைக் கட்டினால் போதும். அப்பாவிடம் காட்டினேன், “சரிம்மா.” அம்மாவிடம் காட்டினேன், “உன் இஷ்டம்டி.” தமிழ்நாட்டில் ஓர் அம்மா ‘உன் இஷ்டம்’ என்று சொன்னால் அதற்கு எத்தனை அர்த்தம் என்று பெண்களுக்குத் தெரியும். (சிரிப்பு)

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு ஒத்திகை பார்த்தேன். ரெண்டு பேரையும் ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சாமியைப் பார்க்கவில்லை, இவர்களைத்தான் பார்த்தேன். இருபது நிமிஷம் நடந்ததும் அம்மா கண் திண்ணையைத் தேடுது. “முட்டி வலிக்குதாம்மா?” என்றால் “சேச்சே” என்கிறார். வாய் சேச்சே என்கிறது, கை தூணை விடவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்தப் பளபளத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் முதல்முதலாகக் கேட்டேன்: “அம்மா, உனக்கு அங்கே என்ன பார்க்கணும்?” அம்மா சொன்னார்: “எனக்கு ஒண்ணும் பார்க்க வேண்டாம். அந்த ரயிலை உங்கப்பா பார்க்கிறதைப் பார்க்கணும்.”

நடுவர் அவர்களே, இந்த ஒரு பதிலை எந்த நாட்டுப் பணத்தைக் கொடுத்து வாங்க முடியும்? கேட்டதால் கிடைத்தது. கேட்பதுதான் திட்டத்தின் முதல் வரி. (பலத்த கைதட்டல்)

ஆறு ஊர் ரெண்டு ஊராச்சு. டோக்கியோ, கியோட்டோ, அவ்வளவுதான். ஒரு நாளைக்குக் காலையில் ஓர் இடம். மத்தியானம் படுக்கை. சாயங்காலம் முடிந்தால் இன்னோர் இடம், முடியாவிட்டால் ஜன்னல். எப்போது போவது? ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை அங்கே தொடர் விடுமுறை, ஊரே ரயிலில் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேர்த்துக் கொட்டும். நாங்கள் நவம்பர் தொடக்கத்தில் போனோம், குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

தங்கும் அறை? ஜப்பானியப் பாணி அறை என்று படத்தில் அழகாக இருக்கும். பாயில் படுக்கணும், தரையில் உட்காரணும். உட்கார்ந்த அம்மாவைத் தூக்க ரெண்டு பேர் வேணும். அதனால் கட்டில் இருக்கிற அறை, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். ஸ்டேஷன் என்றால் சும்மா இல்லைங்க. டோக்கியோவில் ஷின்ஜுகு என்று ஒரு ஸ்டேஷன். 200க்கு மேல் வாசல். எந்த வாசலில் லிஃப்ட் என்று முன்கூட்டியே தெரியாமல் போனால், அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிக் குடியேற வேண்டியதுதான்! (சிரிப்பு)

பெட்டியை யார் தூக்குவது? அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பெட்டி கொண்டுபோய்ச் சேர்க்கிற கூரியர் சேவை 1976இலிருந்தே இருக்கிறது. டோக்கியோ விடுதியில் பெட்டியைக் கொடுத்தோம், மறுநாள் கியோட்டோ விடுதியில் வாங்கிக்கொண்டோம். கையில் ஒரே ஒரு பை. அதில் மருந்து.

மருந்தைப் பற்றிச் சொல்லியே ஆகணும். டாக்டர் சீட்டில் உள்ள மருந்து ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோவதானால் முன்கூட்டி அனுமதி வாங்கவேண்டும். நம்ம ஊரில் சாதாரணமாக விழுங்குகிற சில சளி மாத்திரைக்கு அங்கே தடை. சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். அப்புறம் நேரம். நம்மைவிட மூன்றரை மணி நேரம் அவர்கள் முன்னால். எங்க அப்பா தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து எங்களையும் எழுப்புகிற மனுஷன். அங்கே அதே கணக்கில் கண் விழித்தார், மணி எட்டு! அம்பது வருஷத்தில் முதல்தடவை அம்மா நிம்மதியாகத் தூங்கினார். (சிரிப்பு, கைதட்டல்) ஆனா சர்க்கரை மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது? அதைப் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

சாப்பாடு! “அஞ்சு நட்சத்திர ஓட்டலில் எல்லாம் கிடைக்கும்” என்றார் அண்ணன். அண்ணே, அங்கே காய்கறி சூப் என்று கொடுப்பதிலும் பெரும்பாலும் சூரை மீனைக் காயவைத்துச் சீவி எடுத்த சாறு இருக்கும். எங்க அம்மா சைவம். காய்தான் மிதக்கும், அடியில் கருவாடு பேசும். (சிரிப்பு) ‘மீன், இறைச்சி, மீன் சாறு எதுவும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஓர் அட்டையை அம்மா கையில் கொடுத்தேன். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பெட்டியில். சின்னக் கடையில்கூட டப்பாவில் வெள்ளைச் சோறு சுடச்சுடக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ரைஸ் குக்கரைக் கொடுத்துவிட்டார். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம்ம குக்கரை அதில் வைத்தால் சோறு வேகாது, நாமதான் வேகணும்!

அடுத்தது பணம். நான் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே கொடுப்பது என்று சொல்லத்தான் திட்டம். ஏழு நாளைக்கு எந்த ஊருக்கும் போகலாம் என்று ஒரு ரயில் பாஸ் உண்டு. 2023 அக்டோபரில் அதை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏற்றினார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோ ஒரு வழி டிக்கெட் சுமார் 14,000 யென். போகவர 28,000. பணக்காரர் பாஸ் வாங்குவார். திட்டக்காரர் டிக்கெட் வாங்கி, மிச்சத்தில் டாக்ஸியில் போவார். (கைதட்டல்)

“அப்போ உன் திட்டத்தில் தப்பே நடக்கலியா?” என்று எதிரணித் தங்கை கேட்பாங்க. நடந்தது. ஃபுஷிமி இனாரி என்று ஒரு மலைக்கோயில். ஆயிரக்கணக்கான சிவப்பு வாசல்கள் வரிசையாக மேலே போகும். அடிவாரம் மட்டும் என்றுதான் எழுதியிருந்தேன். ஆசையில் கொஞ்சம் கூட ஏற்றிவிட்டேன். அம்மா ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். “நீங்க போய்ட்டு வாங்க” என்றார். முகம் வெளுத்துப் போச்சு. எனக்கு உயிரே போச்சு. மெதுவாக இறக்கிக் கூட்டி வந்தோம். மறுநாள் காலை தாளில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? ஒண்ணுமில்லை. வேண்டுமென்றே காலியாக விட்ட நாள். பாதி நாள் படுத்திருந்துவிட்டு, சாயங்காலம் சன்ஜூசங்கென்டோ கோயில் போனோம். மலை கிடையாது, ஒரே நீளமான மண்டபம். 1001 கண்ணன் சிலைகள். நம்ம கண்ணன் இல்லீங்க, அவலோகிதேசுவரரை அங்கே அப்படிச் சொல்வார்கள். (சிரிப்பு) முன்வரிசையில் காவல் தெய்வங்கள். அதில் நம்ம கருடன் புல்லாங்குழல் ஊதிக்கொண்டு நிற்கிறார்! அம்மா வலியை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் காலி நாள் இல்லையென்றால் அந்தக் கருடன் இல்லை.

(மணி ஒலிக்கிறது)

முடித்துக்கொள்கிறேன் ஐயா. அந்த ரயிலைச் சொல்லாமல் இறங்கினால் எங்க அம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க.

டோக்கியோ பிளாட்பாரம். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம், அதுவும் திட்டத்தில் இருந்தது. ரயில் வந்து நிற்கிறது, கிளம்புகிறது, அடுத்தது வருகிறது. அங்கே ரயில் ஊழியர்கள் ஒவ்வொன்றையும் விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லித்தான் சரிபார்ப்பார்கள். நம்ம ஊர் டிரைவரும் சிக்னலைப் பார்த்துக் கை நீட்டி உரக்கச் சொல்வார். பிளாட்பாரத்தில் வெள்ளைக் கையுறையோடு ஒரு ஊழியர் விரலை நீட்டினார். பார்த்துக்கொண்டே இருந்த எங்க அப்பாவின் வலது கையும் தானாக நீண்டது. பதினெட்டு வருஷமாக வேலை இல்லாமல் இருந்த கை ஐயா அது. வாய் ஏதோ முணுமுணுத்தது.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா ரயிலைப் பார்க்கவில்லை. டிபன் கேரியரோடு நாற்பது வருஷம் வாசலில் காத்திருந்தவர், அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது உண்மை. ஆனால் அந்தப் பிளாட்பாரத்தில், அந்த ஒரு மணி நேரத்தை, நிற்கத் தெம்போடு அவர்களுக்குக் கொடுத்தது எது? திட்டம். பெத்தவங்களிடம் கேட்டு, நடையைப் பார்த்து, நாலு நாளில் ஒரு நாளைக் காலியாக விட்ட திட்டம். வீட்டுக்குப் போனதும் பேங்க் புஸ்தகத்தை அப்புறம் திறங்க. முதலில் அம்மாவிடம், அப்பாவிடம் கேளுங்க: “உங்களுக்கு என்ன பார்க்கணும்?”

திட்டமே, திட்டமே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)