நோயுற்ற குழந்தையும் தாயின் கரமும்

மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கும் குழந்தையைப் பகலும் இரவும் மிகுதியாகத் தொடும் கை எது? வைத்தியர் சில வேளைகளில் வந்து பார்க்கிறார். தாதி மருந்து வேளைக்கு வருகிறார். பாலூட்டுவதும், ஈரத்துணி மாற்றுவதும், அழுதால் அணைப்பதும் பெரும்பாலும் தாயின் கையே. ஒரு நோய்க்கு மருந்து தேடி வந்த குழந்தை மற்றொரு நோயைப் பெறாது காக்கும் ஆற்றல் அக்கைக்கு உண்டு.

கையினால் நோய் பரவும் என்பதை உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரில், பிணப்பரிசோதனை செய்த கையுடன் பிரசவம் பார்க்க வந்தவர்களைக் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவுமாறு இக்னாஸ் செம்மல்வைஸ் பணித்தார். தாய்மாரின் மரணம் விரைவாகக் குறைந்தது. எனினும் வைத்தியர் பலர் அவர் கூற்றை மறுத்தனர். கற்றோர்க்கே கடினமாயிருந்த உண்மையைத் தாய் தானாகவே அறிந்திருப்பாள் என எதிர்பார்ப்பது நியாயமன்று.

தொற்றுக்கு அஞ்சிப் பெற்றோரை விலக்கிவைத்த காலமும் இருந்தது. பிரித்தானிய மருத்துவமனைகள் பலவற்றில் குறித்த சிறிது நேரமே அவர்கள் பிள்ளையைக் காண இயன்றது. பிரிவினாற் குழந்தை படும் துயரை உணர்ந்த பிளாட் குழு, 1959இல் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்துமாறு கூறிற்று. கதவைத் திறந்தது நன்று. உள்ளே வரும் தாய்க்கு அறிவையும் அளித்தல் வேண்டும்.

தேவையோ சிறிதன்று. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில், தீவிர நோய்ச் சிகிச்சைக்கு அனுமதிக்கப்படும் 100 பேரில் 15 பேர் மருத்துவமனையிலேயே ஒரு தொற்றையாவது பெறுகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது.

கற்பிக்க வேண்டியவை சிலவே. ஊட்டுமுன்னும், மலத்துணி மாற்றிய பின்னும், மலசலகூடம் சென்று வந்த பின்னும் கை கழுவல் வேண்டும். சவர்க்காரமிட்டு, பெருவிரலும் விரலிடுக்கும் நகநுனியும் தேய்த்துக் கழுவி உலர்த்த 40 முதல் 60 விநாடிகள் போதும். சேலைன் ஏறும் இடத்தை நனைத்தலோ கட்டை அவிழ்த்தலோ கூடாது. அங்கு சிவப்போ வீக்கமோ கண்டால் உடனே தாதிக்கு அறிவித்தல் வேண்டும். தடிமனோ வயிற்றோட்டமோ உள்ள உறவினர் பார்க்க வராதிருப்பதே அன்பு.

அடுத்த கட்டிற் குழந்தை அழுதால் ஓடித் தூக்குவது நம்மவர் இயல்பு. அந்த இரக்கம் போற்றத்தக்கது. ஆயினும், கழுவாத கை அக்குழந்தையின் கிருமியைத் தன் பிள்ளையிடமும், தன் பிள்ளையினதை அக்குழந்தையிடமும் சேர்க்கும். தாய்க்கு இதை விளக்கினால் இரக்கமும் குறையாது, தீங்கும் நேராது.

கற்பிக்கும் முறையும் முக்கியமானது. சுவரில் ஒட்டிய அறிவித்தலும் அதட்டலும் பயன் தரா. அனுமதித்த முதல் நாளிலேயே, தாயின் மொழியில், தாதி செய்து காட்டி, தாயையும் செய்யச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். முறைமாறி வந்திருக்கும் தந்தைக்கும் அம்மம்மாவுக்கும் அவ்வாறே காட்டல் வேண்டும். வைத்தியரைப் பார்த்து, "கை கழுவினீர்களா, ஐயா?" என்று தாய் அச்சமின்றிக் கேட்கும் உரிமையும் இக்கல்வியின் பகுதியே.

விடுதியிற் குழாய்நீரும் சவர்க்காரமும் இல்லையேல் இப்போதனை வீணாகும். அவற்றை வைப்பது நிர்வாகத்தின் கடமை. அவற்றின் பயனை உணர்த்துவது தாதியின் கடமை. இவ்விரண்டும் நிறைவேறிய பின்னரே தாயிடம் அவள் கடமையை எதிர்பார்த்தல் தகும்.