பாதம் காப்போம்



பொன்னூர் மலையில் குந்தகுந்தாச்சாரியாரின் திருவடிச் சுவடுகளைத் தொழ நாம் வெறுங்காலுடன் படியேறுகிறோம். நீரிழிவு உடைய நானும் சென்ற ஆண்டு நண்பகலில் ஏறினேன். வீடு திரும்பியபின் உள்ளங்காலில் இருந்த கொப்புளத்தை என் துணைவியார்தாம் கண்டார். எனக்கு வலியே தெரியவில்லை. நீரிழிவு கால் நரம்புகளை அவ்வாறு மரத்துப்போகச் செய்கிறது.

என்னைச் சுட்டது கல். பலர்க்கோ, நாள்தோறும் ஒரே இடத்தில் விழும் அழுத்தமே புண்ணாகிறது. புண் வெளிப்படுமுன் அவ்விடம் அழன்று சூடேறும். உடல் வீசும் அகச்சிவப்புக் கதிர்களைப் பதியும் வெப்பப்படக் கருவி, அச்சூட்டை நிறவேறுபாடாகக் காட்டுகிறது. ஊசியில்லை, தொடுதலுமில்லை. காலணி கழற்றிப் பாதங்களைச் சற்று ஆறவிட்டுப் படமெடுப்பர். இரு பாதங்களிலும் ஒத்த இடங்களை ஒப்பிடுவர். வேறுபாடு 2.2 பாகை செல்சியசுக்கு மேற்பட்டு நீடித்தால், நடையைக் குறைத்து மருத்துவரை நாட வேண்டும். குருதியோட்டம் குன்றிய கால் குளிர்ந்தும் தோன்றலாம். ஆதலின் படம் மட்டுமே முடிவன்று.

இக்கருவி எல்லா ஊரிலும் இல்லை. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நமக்கு மாலையில் நேரமுண்டு. அப்போது பாதங்களைப் பாருங்கள். குனிய இயலாதார் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். மலைக்கு விடியலிலேயே செல்லுங்கள். இவ்வாண்டு நான் அவ்வாறே சென்று வந்தேன்.